மலாயா, பர்மா காட்டுப்போர்களில் நேசப் படைவீரர்: புனைவும் வரலாற்று உண்மையும் (1941–1945)

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலும் பர்மாவிலும் போரிட்ட நேசப் படைவீரர்களைப் பற்றி நான்கு புனைவுகள் நிலைபெற்றுள்ளன. ஜப்பானிய வீரர் காட்டுப்போருக்கென்றே பிறந்தவர் என்பது முதலாவது. அவரை வெல்ல ‘சின்டிட்’ எனப்பட்ட தேர்ந்தெடுத்த மாவீரர் குழுவே வழிகாட்டியது என்பது இரண்டாவது. காட்டின் கொடிய விலங்குகளே வீரர்களைப் பெருமளவில் கொன்றன என்பது மூன்றாவது. இப்போர் பிரித்தானிய வெள்ளையரின் போர் என்பது நான்காவது. இவை தோன்றிய சூழலையும் நிறைவேற்றிய பயனையும் இக்கட்டுரை ஆராய்கிறது. காட்டுப்போர்த் திறன் பிறப்பாலோ தனிமனித மேதைமையாலோ அமைந்ததன்று. பயிற்சி, மருத்துவம், வழங்கல் ஆகிய மூன்றின் விளைவே அது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பர்மாப் போர், மலாயா, காட்டுப்போர், சின்டிட், பதினான்காம் படை, இந்திய இராணுவம், மலேரியா.

முன்னுரை

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் தரையிறங்கியது. எழுபதாம் நாளில், 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் சரணடைந்தது. அடுத்த மாதம் 8ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அவ்வாண்டு மே மாத முடிவிற்குள் பர்மாவின் பெரும்பகுதி ஜப்பானியர் வசமாயிற்று. மூன்றாண்டுகளுக்குப் பின்னர், 1945 மே மாதத் தொடக்கத்தில், நேசப் படைகள் அதே இரங்கூனை மீட்டன.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே காடு மாறவில்லை, மழை மாறவில்லை, எதிரியும் மாறவில்லை. நேசப் படையில் மிகுதியாக இருந்தவர்கள் தொடக்கத்திலும் இறுதியிலும் இந்திய இராணுவத்தினரே. அவ்வாறாயின் மாறியது எது என்பதே இப்போர் வரலாற்றின் மையவினா. இவ்வினாவிற்குப் பொதுவழக்கிலுள்ள கதைகள் எளிய விடைகளைத் தருகின்றன. அவ்விடைகள் திரைப்படங்கள், நினைவுக் குறிப்புகள், இதழ்க் கட்டுரைகள் வழியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வரலாறு போலவே தோற்றம் பெற்றுவிட்டன.

ஒவ்வொரு புனைவையும் மூன்று வினாக்களால் அளவிடலாம். அக்கூற்று எப்போது எழுந்தது? அது யாருக்குப் பயன்பட்டது? படைக்கணக்கும் மருத்துவமனைக் கணக்கும் வழங்கல் கணக்கும் அதனோடு ஒத்துப்போகின்றனவா? புனைவுகளை வெறும் பொய்யென ஒதுக்குவது இவ்வினாக்களின் நோக்கமன்று. பெரும்பாலான போர்ப்புனைவுகளில் உண்மையின் ஒரு கூறு இருக்கும். அக்கூறு எவ்வளவு, அதன்மீது ஏற்றப்பட்டது எவ்வளவு என்று பிரித்தறிவதே ஆய்வாளரின் பணியாகும்.

1. ‘காட்டிற்கென்றே பிறந்த எதிரி’

போருக்கு முன்னர் மலாயாவிலிருந்த பிரித்தானிய அதிகாரிகள் பலர் ஜப்பானியரை எளிய எதிரியாகவே கருதினர். அவர்களுக்குக் கண்பார்வை குறைவு, விமானம் ஓட்டத் தெரியாது என்பன போன்ற இழிவுரைகள் பரவலாக வழங்கின. தோல்வி தொடங்கிய சில வாரங்களிலேயே இக்கருத்து நேரெதிராகத் திரும்பியது. ஜப்பானியர் காட்டில் பிறந்து வளர்ந்தவர், உணவின்றியும் உறக்கமின்றியும் போரிட வல்லவர், வெல்லற்கரியவர் என்னும் அச்சம் படையணிகளிடையே பரவியது. இகழ்ச்சியும் வியப்பும் வேறுவேறாகத் தோன்றினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. போர்த்திறனைப் பயிற்சியில் தேடாமல் இனத்தின் இயல்பில் தேடியதே அது.

ஜப்பான் குளிர்காலத்தில் பனிபொழியும் நாடு. அந்நாட்டுத் தரைப்படை பல்லாண்டுகளாக மஞ்சூரிய எல்லையில் சோவியத் ஒன்றியத்தை எதிர்கொள்வதையே முதன்மையாகக் கருதி வந்தது. மலாயாவில் இறங்கிய இருபத்தைந்தாம் படையின் 5, 18ஆம் டிவிஷன்கள் சீனப் போரில் பழகியவை. வெப்பமண்டலப் போர்முறையை ஆராய ஒரு சிறு குழு தைவானில் அமைக்கப்பட்டதே 1941இன் தொடக்கத்தில்தான். அதில் முதன்மைப் பங்காற்றியவர் மசனோபு சுஜி. வெப்பநாட்டில் உடல்நலம் பேணுதல், படைக்கலங்களைப் பாதுகாத்தல் முதலியவற்றை விளக்கும் கையேடு ஒன்று அச்சிடப்பட்டுக் கப்பலில் வந்த வீரர்களுக்கு வழங்கப்பட்டது. காட்டிலே பிறந்தவர்களுக்குக் காட்டைப் பற்றிய கையேடு தேவைப்பட்டிருக்காது.

மலாயாவில் நிகழ்ந்தது முழுமையான காட்டுப்போர் என்பதும் ஆய்வுக்குரியது. மேற்குக் கரையில் நல்ல நெடுஞ்சாலைகள் இருந்தன. அவற்றின் இருமருங்கிலும் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்திருந்தன. ஜப்பானியர் சாலைவழியே டாங்கிகளையும் மிதிவண்டிகளையும் செலுத்தினர். எதிர்ப்பு வலுத்த இடங்களில் தோட்டங்களின் ஊடாகவும் கடற்கரைப் படகுகளிலும் சுற்றிவந்து பின்புறத்தை அடைந்தனர். 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் 11ஆம் இந்திய டிவிஷனைச் சிதறடித்தது சாலைவழியே விடியுமுன் பாய்ந்து வந்த டாங்கிப் படையே. மலாயாவைக் காத்து நின்ற படையிடம் எதிர்நிறுத்த டாங்கிகள் இல்லை. வானிலும் ஜப்பானியர் கையே ஓங்கியிருந்தது.

தற்காத்த படையின் குறைகளும் வெளிப்படையானவை. இந்திய இராணுவம் மிக விரைவாக விரிவாக்கப்பட்டது. புதிய அணிகளை உருவாக்குவதற்காகப் பழைய பட்டாலியன்களிலிருந்து பட்டறிவுடைய அதிகாரிகளும் ஹவில்தார்களும் பிரித்தெடுக்கப்பட்டனர். எஞ்சியவர்களுள் பலர் பாலைவனப் போரை நோக்கிப் பயிற்றுவிக்கப்பட்ட இளைஞர்கள். பலர் மலாயாவில்தான் முதன்முதலாக டாங்கியைக் கண்டனர்.

விதிவிலக்குகள் இம்முடிவை உறுதிசெய்கின்றன. லெப்டினன்ட் கர்னல் இயன் ஸ்டூவர்ட்டின் தலைமையில் போருக்கு முன்னரே காட்டிலும் தோட்டங்களிலும் பழகியிருந்த ஆர்கைல் பட்டாலியன் பின்வாங்கும் போரில் திறம்படச் செயல்பட்டது. கம்பாரில் பிரித்தானிய, இந்திய அணிகள் 1941 டிசம்பர் இறுதியிலிருந்து 1942 ஜனவரி 2 வரை எதிரியைத் தடுத்து நிறுத்தின. ஜனவரி 14 அன்று கெமாஸ் அருகே ஆஸ்திரேலியர் நடத்திய பதுங்கித் தாக்குதல் ஜப்பானியருக்குப் பேரிழப்பை உண்டாக்கியது. பயிற்சியும் ஏற்ற நிலமும் வாய்த்த இடங்களில் ‘வெல்லற்கரிய எதிரி’ தடுக்கப்பட்டார் என்பதை இவை காட்டுகின்றன.

எனினும் இப்புனைவு விரைந்து வேரூன்றியது. தோல்விக்குக் காரணம் எதிரியின் இயற்கைக்கு மீறிய ஆற்றல் என்றால், திட்டமிட்டவர்களும் ஆயத்தம் செய்யாதவர்களும் விடைகூற வேண்டியதில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் களத்தில் நின்றவர்களே. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நேசப் படையின் மொத்த இழப்பாக அதிகாரமுறை வரலாறு குறிப்பிடும் 1,38,708 பேரில் 67,340 பேர் இந்தியப் படையினர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் போர்க் கைதிகளாயினர்.

2. ‘சின்டிட்’ மாவீரர்

தோல்விக் காலத்தில் பிறந்த முதற்புனைவிற்கு மாற்றாக எழுந்தது இரண்டாவது புனைவு. 1943 பிப்ரவரியில் பிரிகேடியர் ஆர்ட் விங்கேட் தலைமையில் 77ஆம் இந்தியக் காலாட்படை பிரிகேடின் ஏறத்தாழ 3,000 பேர் சிந்த்வின் ஆற்றைக் கடந்து ஜப்பானியர் பகுதிக்குள் நுழைந்தனர். பர்மியப் பௌத்தக் கோயில்களின் வாயிலில் காவல்நிற்கும் ‘சிந்தே’ என்னும் சிங்க உருவின் பெயர் திரிந்து ‘சின்டிட்’ என்னும் பெயர் இப்படைக்கு அமைந்தது. இருப்புப்பாதையைப் பல இடங்களில் தகர்த்துவிட்டு அவர்கள் திரும்பியபோது, நாளிதழ்கள் அதனைப் பெருவெற்றியாகக் கொண்டாடின. அவ்வாண்டு ஆகஸ்டில் கியூபெக்கில் கூடிய நேச நாடுகளின் மாநாட்டிற்குச் சர்ச்சில் விங்கேட்டைத் தம்முடன் அழைத்துச் சென்றார்.

சின்டிட்டுகள் தேர்ந்தெடுத்த மாவீரர்கள் என்பது இப்புனைவின் முதற்கூறு. அப்படையின் பிரித்தானியப் பட்டாலியனான 13ஆவது கிங்ஸ் முதலில் இங்கிலாந்தின் கடற்கரைக் காவலுக்கென அமைக்கப்பட்டது. அதிலிருந்தோர் பெரும்பாலும் வட இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து வந்தவர்கள். பலர் மணமானவர்கள், வயதில் சற்று மூத்தவர்கள். உடல்தகுதி குறைந்தோர் பயிற்சியின்போது நீக்கப்பட்டு, வேறு அணிகளிலிருந்து ஆட்கள் சேர்க்கப்பட்டனர். இவர்களோடு கூர்க்காப் பட்டாலியன் ஒன்றும், கரென், கச்சின், சின் இனத்தவர் நிறைந்த பர்மா ரைஃபிள்ஸ் அணியினரும் சென்றனர். ஊர்மக்களோடு பேசி உணவும் செய்தியும் பெற்று வழிகாட்டியவர்கள் இந்தப் பர்மா ரைஃபிள்ஸ் வீரர்களே.

இம்முயற்சி போரின் போக்கை நேரடியாக மாற்றியது என்பது இரண்டாவது கூறு. தகர்க்கப்பட்ட இருப்புப்பாதை நீண்ட காலம் முடங்கிக் கிடக்கவில்லை. சென்றவர்களுள் 2,182 பேரே திரும்பினர். அவர்களிலும் ஏறத்தாழ 600 பேர் மீண்டும் போரிடத் தகுதியற்றவராயினர். நடக்க இயலாத காயமுற்றோர் வழியிலேயே விடப்பட்டனர்.

இதனால் அம்முயற்சி வீண் என்று முடிவுகட்டுவதும் பொருந்தாது. காட்டினுள் இயங்கும் படைக்கு வானிலிருந்தே உணவும் வெடிமருந்தும் வழங்க இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. மேலும், சிந்த்வின் பகுதியைப் பெரும்படை கடக்க முடியாது என்று கருதிவந்த ஜப்பானியத் தளபதி முட்டாகுச்சி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1944இல் அவர் இம்பால்மீது படையெடுக்க முனைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அப்படையெடுப்பே ஜப்பானியரின் பேரழிவாக முடிந்தது. விங்கேட் திட்டமிடாத இவ்விளைவு, அவர் திட்டமிட்டவற்றினும் பெரியதாயிற்று.

1944 மார்ச் 5 அன்று தொடங்கிய இரண்டாம் முயற்சி மிகப் பெரியது. கிளைடர் விமானங்களாலும் போக்குவரத்து விமானங்களாலும் முதல் வாரத்தில் மட்டும் ஏறத்தாழ 9,000 பேர் எதிரியின் பின்புறத்தில் இறக்கப்பட்டனர். சிறு விமானங்கள் காயமுற்றோரை மீட்டன. முந்தைய ஆண்டின் கொடுமை பெருமளவு தவிர்க்கப்பட்டது. ஆனால் மார்ச் 24 அன்று விங்கேட் விமான விபத்தில் இறந்தார். அதன்பின் இப்படை நீண்ட காலம் களத்தில் நிறுத்தப்பட்டு, அரண்செய்த நிலைகளைத் தாக்கும் பணிக்கும் பயன்படுத்தப்பட்டது. ஜூன் இறுதியில் மோகௌங் நகரைக் கைப்பற்றிய 77ஆம் பிரிகேட் கடும் இழப்பிற்குள்ளானது. 111ஆம் பிரிகேடின் ஏறத்தாழ 2,200 பேரை மருத்துவர்கள் சோதித்தபோது, பணிக்குத் தகுதியுடையவர் 118 பேர் மட்டுமே என்று கண்டனர். மாவீரர் கதை இந்த 118 என்னும் எண்ணை வீரத்தின் சான்றாகக் காட்டும். மனித உடலின் எல்லையைக் கணக்கில் கொள்ளாத திட்டத்தின் சான்றாகவும் அதனைப் படிக்க வேண்டும்.

3. முதலையும் கொசுவும்

1945இன் தொடக்கத்தில் 26ஆம் இந்திய டிவிஷன் அரக்கான் கடற்கரையை ஒட்டிய ராம்ரீ தீவைக் கைப்பற்றியது. அங்கிருந்து தப்ப முயன்ற ஏறத்தாழ 1,000 ஜப்பானியர் அலையாத்திச் சதுப்புநிலத்தினுள் புகுந்ததாகவும், ஒரே இரவில் முதலைகள் அவர்களைத் தின்றுவிட்டதாகவும், இருபதுபேரளவே எஞ்சியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கனடிய இயற்கையியலாளர் புரூஸ் ரைட்டின் எழுத்தால் இது புகழ்பெற்றது. சாதனைப் பட்டியல் நூலிலும் இடம்பெற்றது. இத்தகைய பெருங்கொலையைப் போர்க்கால இராணுவ ஆவணங்கள் உறுதிப்படுத்தவில்லை. அச்சதுப்பில் அத்தனை பெருமுதலைகள் வாழப் போதிய இரையும் இல்லை. சிலர் முதலைகளுக்கு இரையாகியிருக்கலாம். நீர்வேட்கை, நோய், துப்பாக்கிச்சூடு, நீரில் மூழ்குதல் ஆகியவற்றால் பலர் இறந்தனர். கணிசமானோர் பெருநிலத்தை அடைந்தனர்.

இக்கதையின் கவர்ச்சி மற்றோர் உண்மையை மறைக்கிறது. காட்டுப்போரில் வீரர்களை வீழ்த்திய உயிரினம் கொசுவே. பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் 1956இல் வெளியிட்ட தம் போர்நூலில் இதற்குரிய கணக்கைத் தருகிறார். 1943இல் காயமுற்று மருத்துவமனை சேர்ந்த ஒருவருக்கு நோயுற்றோர் 120 பேர் என்னும் நிலை இருந்தது. மலேரியா மட்டுமே படையின் மொத்த எண்ணிக்கையில் ஆண்டுக்கு 84 விழுக்காட்டினரைத் தாக்கியது. ஜாவா ஜப்பானியர் வசமானதால் உலகின் கொய்னா மருந்திற்குரிய முதன்மை மூலமும் கைநழுவிப் போயிருந்தது.

மாற்றாக வந்த மெபாக்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கியது. அது ஆண்மையைக் கெடுக்கும் என்னும் வதந்தி வீரர்களிடையே பரவியது. பலர் மாத்திரையை விழுங்காமல் எறிந்தனர். படைவீரரைப் பற்றிய புனைவுகளைப் போலவே படைவீரரிடையே வழங்கிய புனைவும் உயிரைப் பறித்தது. ஸ்லிம் திடீர்ச் சோதனைகளை நடத்தினார். ஓர் அணியில் 95 விழுக்காட்டினருக்குக் குறைவாக மருந்துண்டிருந்தால் அதன் கட்டளை அதிகாரி பதவி இழந்தார். மூவரை நீக்கிய பின்னர் மற்றவர்கள் புரிந்துகொண்டனர் என்று அவர் எழுதுகிறார். நோயுற்றோரை இந்தியாவிற்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பதை விடுத்து, போர்முனைக்குச் சில மைல்கள் பின்னரே மலேரியா சிகிச்சை நிலையங்கள் அமைக்கப்பட்டன. 1944இல் காயமுற்ற ஒருவருக்கு நோயுற்றோர் 20 பேராகக் குறைந்தனர்; 1945இல் அது பத்தாகவும், போரின் இறுதி வாரங்களில் ஆறாகவும் குறைந்தது. இது தளபதி தாமே தம் படையைப் பற்றித் தரும் கணக்கு என்பதை ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் காட்டுப்போரின் திருப்புமுனை எங்கிருந்தது என்பதை அது தெளிவாகச் சுட்டுகிறது.

4. திறன் உருவான முறை

அரக்கானில் 1942 டிசம்பரில் தொடங்கிய முதல் தாக்குதல் 1943 மே மாதத்தில் தோல்வியில் முடிந்தது. அதன் காரணங்களை ஆராய 1943 ஜூனில் இந்தியாவில் காலாட்படைக் குழு ஒன்று கூடியது. காலாட்படைக்குத் தகுதியான ஆட்களை ஒதுக்குதல், அடிப்படைப் பயிற்சிக்குப் பின் காட்டுப்போர்ப் பயிற்சியைக் கட்டாயமாக்குதல் முதலியவற்றை அது பரிந்துரைத்தது. 14, 39ஆம் இந்திய டிவிஷன்கள் பயிற்சி டிவிஷன்களாக மாற்றப்பட்டன. புதிய வீரர்கள் அங்கு இரண்டு மாதம் காட்டிலேயே தங்கிப் பயின்ற பின்னரே போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். காட்டுப்போருக்கான பயிற்சிக் கையேடு திருத்தி வெளியிடப்பட்டது. சுற்றிவளைக்கப்பட்டால் பின்வாங்கக் கூடாது. வட்டமாக அரண் அமைத்து நிற்க வேண்டும். வானிலிருந்து வழங்கல் வரும் என்பது புதிய பாடம்.

1944 பிப்ரவரியில் அரக்கானில் 7ஆம் இந்திய டிவிஷன் இப்பாடத்தைச் செயலில் காட்டியது. அதன் நிருவாகத் தளத்தை ஜப்பானியர் சூழ்ந்து தாக்கினர். எழுத்தர்களும் ஓட்டுநர்களும் மருத்துவப் பணியாளர்களும் கூடப் படைக்கலம் ஏந்தி நின்றனர். விமானங்கள் உணவும் வெடிமருந்தும் வீசின. இறுதியில் முற்றுகையிட்டவர்களே பின்வாங்கினர்.

மார்ச்சில் தொடங்கிய இம்பால், கோஹிமாப் போர் இதனைப் பேரளவில் மீண்டும் காட்டியது. முட்டாகுச்சியின் பதினைந்தாம் படையினர் ஏறத்தாழ மூன்று வாரத்திற்கான உணவுடன் புறப்பட்டனர். இம்பாலின் கிடங்குகளைக் கைப்பற்றி உண்ணலாம் என்பது திட்டம். உணவிற்காக ஓட்டிவரப்பட்ட மாடுகள் பல ஆற்றிலும் மலைவழியிலும் மடிந்தன. கோஹிமாவைத் தாக்கிய 31ஆம் டிவிஷனின் தளபதி சாட்டோ, உணவு வராத நிலையில் மேலிடத்தின் ஆணையை மீறித் தம் படையைப் பின்வாங்கச் செய்தார். ஜூன் 22 அன்று இம்பால்–கோஹிமாச் சாலை திறக்கப்பட்டது. பின்வாங்கிய பாதைகளில் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் ஜப்பானியர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1942இல் ‘காட்டின் மைந்தர்’ எனப்பட்டவர்களையே 1944இல் காடு விழுங்கியது. காடு யாருக்கும் உரிமையானதன்று. வழங்கலும் மருத்துவமும் உடையவருக்கே அது இடங்கொடுத்தது.

5. ‘நேசப் படைவீரர்’ யார்?

பிரித்தானிய இதழ்களில் பதினான்காம் படை ‘மறக்கப்பட்ட படை’ எனப்பட்டது. அம்மறதியினுள் இன்னொரு மறதி உண்டு. 5, 7, 17, 19, 20, 23, 25, 26 ஆகிய எண்கொண்ட இந்திய டிவிஷன்களும், கிழக்கு ஆப்பிரிக்காவின் 11ஆம் டிவிஷனும், மேற்கு ஆப்பிரிக்காவின் 81, 82ஆம் டிவிஷன்களும் இப்போரில் பங்கேற்றன. பிரித்தானிய டிவிஷன்கள் இவற்றோடு ஒப்பிடச் சிலவே. இரண்டாம் சின்டிட் முயற்சியிலும் நைஜீரியப் பட்டாலியன்கள் கொண்ட பிரிகேட் ஒன்று போரிட்டது. கோஹிமாவில் நாகர்கள் சுமைதூக்கியும் ஒற்றறிந்தும் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றும் உதவினர்.

தமிழகத்திற்கும் இதில் பங்குண்டு. தென்னிந்தியர் பெருமளவில் பணியாற்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் அணியின் கம்பெனிகள் மலாயாவிலும் பர்மாவிலும் பாலம் அமைத்தல், சாலை திறத்தல், கண்ணிவெடி அகற்றல் ஆகிய பணிகளைச் செய்தன. வழங்கலே வெற்றியை முடிவுசெய்த போரில் சாலையும் பாலமும் போர்க்களத்தின் விளிம்பல்ல, அதன் மையம். மாவீரர் கதைகளில் பொறியாளருக்கும் ஓட்டுநருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் இடம் அரிது. அப்பணிகளில் இந்தியரும் ஆப்பிரிக்கரும் மிகுந்திருந்ததால், கதையின் வடிவமே அவர்களை விலக்கிவிட்டது.

மற்றொரு சிக்கலும் கருதத்தக்கது. சிங்கப்பூரில் கைதியான இந்திய வீரருள் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். மலாயாத் தமிழரும் அதில் இணைந்தனர். இம்பால் போரில் இந்தியர் இருபுறமும் நின்றனர். விடுதலைக்குப் பிந்தைய இந்திய நினைவில் இவர்களுக்குக் கிடைத்த இடம், பதினான்காம் படையின் இந்திய வீரருக்குக் கிடைக்கவில்லை. பிரித்தானிய நினைவு அவரை இந்தியர் என்பதால் ஓரத்தில் வைத்தது. இந்திய நினைவு அவரைப் பிரித்தானியப் படையினர் என்பதால் ஓரத்தில் வைத்தது.

முடிவுரை

ஆராயப்பட்ட நான்கு புனைவுகளும் தனித்தனியே தோன்றினும் ஒரே பணியைச் செய்கின்றன. எதிரியின் இனம், தளபதியின் மேதைமை, விலங்கின் கொடுமை, ஓரினத்தின் வீரம் என ஒவ்வொன்றும் போரின் விளைவிற்கு ஒற்றைக் காரணம் கற்பிக்கின்றன. அதனால் பொறுப்பும் உழைப்பும் கண்ணிலிருந்து மறைகின்றன. 1942இல் ஆயத்தமின்றி அனுப்பியவர்களின் பொறுப்பு மறைகிறது; 1944இல் பயிற்சியாலும் மாத்திரையாலும் பாலத்தாலும் வெற்றிக்கு வழிவகுத்தவர்களின் உழைப்பு மறைகிறது.

இரங்கூனுக்கு வடக்கே தௌச்சானிலுள்ள போர் நினைவிடத் தூண்களில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய இராணுவத்தினரும் ஆப்பிரிக்கரும் பிரித்தானியரும் அவற்றில் உள்ளனர். புனைவுகள் சில பெயர்களையே திரும்பச் சொல்கின்றன. அத்தூண்கள் எல்லாப் பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் தாங்கி நிற்கின்றன. படைக்கணக்கையும் மருத்துவக் கணக்கையும் கொண்டு இப்போரை மீளப் படிக்கும் ஆய்வுகள் தமிழில் பெருகும்போது, இந்தியப் படைவீரரின் வரலாறும் புனைவின் நிழலிலிருந்து வெளிவரும்.